மலைக்குளிரில் சிபேப்: ராத்திரி முழுக்க இதமான காற்று வர என்ன செய்ய வேண்டும்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் இருப்பவரா நீங்கள்? தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறது என்று டாக்டர் சிபேப் (ட்யூப், மாஸ்க் வழியாக ராத்திரி முழுக்கக் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) எழுதிக்கொடுத்து, கருவியும் புதிதாக வீட்டுக்கு வந்திருந்தால், இதை நவம்பருக்கு முன்னால் படித்துவிடுங்கள். நான் இருப்பது குன்னூர். முதல் குளிர்காலத்தில் பட்ட பாடு கொஞ்சமல்ல. மூக்கு எரியும், விடியற்காலையில் இரண்டு பக்கமும் அடைத்துக்கொள்ளும், ட்யூபுக்குள் தண்ணீர் தேங்கி களக் களக் என்று சத்தம் போடும், சில ராத்திரி அந்தத் தண்ணீரே மூக்குமேல் வந்து கொட்டும். கருவி கொடுத்தவர்களுக்குப் போன் போட்டால் "ஹியுமிடிட்டியை ஏத்திக்குங்க சார்" என்பார்கள், அதாவது காற்றின் ஈரத்தை. ஏற்றினால் தண்ணீர் இன்னும் அதிகமாகக் கொட்டும். அவர்கள் இருப்பது சமவெளியில், ஜனவரி ராத்திரி இங்கே படுக்கையறை எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

நிறையப் பேர் இந்த இடத்தில்தான் மனசு வெறுத்துக் கருவியைப் பரணில் தூக்கிப் போடுகிறார்கள். மூச்சு நின்று நின்று தூங்குகிறவர் அப்படிச் செய்யக் கூடாது, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது வரிசை ஒன்றுதான்: முதலில் காற்று வரும் வழியைச் சூடாக வையுங்கள், ஈரத்தை ஏற்றுவது கடைசி வேலை.

1. ட்யூபில் தண்ணீர் ஏன் கோர்க்கிறது

இதை ஒரு தடவை புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஒரு கன மீட்டர் காற்று 27 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 26 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 10 டிகிரிக்கு ஆறினால் 9 கிராம் சொச்சம்தான் தாங்கும். கருவியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி காற்றைச் சூடாக்கி ஈரமாக்கி அனுப்புகிறது. அந்தக் காற்று ஆறடி நீள ட்யூப் வழியாகக் குளிர்ந்த அறையைக் கடந்து உங்கள் மூக்குக்கு வர வேண்டும். வழியில் ஆறிவிட்டால், தாங்க முடியாத ஈரம் ட்யூபின் உள்சுவரில் தண்ணீராகப் படியும், குளிர்கால ஜன்னல் கண்ணாடியில் படிகிற மாதிரி. மூக்குக்கு வந்து சேர்வது ஈரமும் சூடும் போன காற்று. ஆகவே ட்யூபில் தண்ணீர், மூக்கில் வறட்சி என்று இரண்டும் ஒரே ராத்திரியில் நடக்கும்.

2. ஹீட்டட் ட்யூப் வாங்குங்கள், ஆனால் பொருத்தம் பார்த்து

மலையில் இருப்பவருக்கு இது ஆடம்பரச் செலவு கிடையாது, அவசியம். சாதா ட்யூபின் சுவரில் மெல்லிய மின்கம்பி சுருள் சுருளாக ஓடினால் அதுதான் ஹீட்டட் ட்யூப். கருவியிலிருந்து மாஸ்க் வரை காற்று ஆறாமல் வரும். நான் விசாரித்த இடங்களில் கம்பெனி ட்யூபின் விலை 5,000 ரூபாயை ஒட்டி இருந்தது. கருவியின் விலையோடு பார்த்தால் சின்னத் தொகைதான்.

ஏமாறுகிற இடமும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு மாடலின் ட்யூப் இன்னொரு மாடலுக்குப் பொருந்தாது, கம்பெனி ஒன்றாகவே இருந்தாலும். ரெஸ்மெட் கம்பெனியின் ஏர்சென்ஸ் 10 கருவிக்கான கிளைமேட்லைன் என்ற ஹீட்டட் ட்யூப் ஏர்சென்ஸ் 11-இல் மாட்டாது, 11-க்கு என்று தனி ட்யூப் இருக்கிறது. பயணத்துக்கு விற்கிற ஏர்மினி மாதிரிக் குட்டிக் கருவியில் தண்ணீர்த் தொட்டியும் கிடையாது, ஹீட்டட் ட்யூபும் கிடையாது. மாஸ்க் பக்கத்தில் செருகுகிற ஒரு சின்ன ஈர வடிகட்டியை நம்பித்தான் அது ஓடுகிறது. கையடக்கமாக இருக்கிறது என்று மலையில் நிரந்தரமாக வசிப்பவர் அதை வாங்கினால் குளிர்காலம் முழுக்கக் கஷ்டம்தான்.

"எல்லா மாடலுக்கும் பொருந்தும்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நில்லுங்கள். எனக்கு அப்படிச் சொல்லி ஒரு கடையிலிருந்து வந்தது வெறும் ட்யூப், உள்ளே கம்பியே இல்லை. பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். ஹீட்டட் ட்யூப் என்றால் கருவியில் மாட்டும் முனை சாதா முனையைவிடப் பெரிதாக இருக்கும், அதில் மின்சாரம் பாய உலோகத் தொடுமுனைகள் தெரியும். மாட்டியதும் கருவிக்கே தெரிந்துவிடும். ஏர்சென்ஸ் 10-இல் 'மை ஆப்ஷன்ஸ்' திறந்து பாருங்கள், 'ட்யூப் டெம்ப்' என்ற வரி புதிதாக வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் ஒன்று ட்யூப் தவறு, இல்லை சரியாக உட்காரவில்லை. கழற்றி, கிளிக் என்று சத்தம் வரும் வரை திரும்ப அழுத்திப் பாருங்கள்.

பிரித்த ட்யூபையும் மாஸ்க்கையும் சுகாதாரக் காரணம் சொல்லிப் பல கடைகள் திரும்ப எடுப்பதில்லை. பணம் கட்டுவதற்கு முன்னால் கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பி, "இந்த மாடலுக்கு ஹீட்டட் ட்யூப்" என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும். அக்டோபரிலேயே வாங்கி வையுங்கள். உறைபனி விழ ஆரம்பித்த பிறகு ஆர்டர் போட்டு, கோயம்புத்தூரிலும் இல்லாமல் சென்னையிலிருந்து வர வேண்டும் என்றால், அத்தனை ராத்திரியும் நீங்கள்தான் அவதிப்பட வேண்டும்.

இன்னும் கருவியே வாங்கவில்லை என்றால் முதல் கேள்வியே "ஹீட்டட் ட்யூப் இதில் மாட்டுமா" என்பதாக இருக்கட்டும். இரண்டாவது கேள்வி உயரம். ஏர்சென்ஸ் 10 கடல் மட்டத்திலிருந்து 2,591 மீட்டர் வரை வேலை செய்யும். ஊட்டி 2,240 மீட்டர், சிக்கல் இல்லை. வேறு கம்பெனி என்றால் கையேட்டில் அந்த எண்ணைப் பாருங்கள். சில பழைய கருவிகளில் உயரத்தைக் கையால் செட் செய்ய வேண்டியிருக்கும்.

பழைய கருவி மலிவாக வந்தால் இன்னொன்றையும் பாருங்கள். பிலிப்ஸ் 2021 ஜூனில், உள்ளே சத்தம் குறைக்க வைத்திருந்த நுரைப்பொருள் சிதையக்கூடும் என்று சொல்லி முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் உள்படப் பல மாடல்களைத் திரும்பப் பெற்றது. சீரியல் எண்ணைச் சரிபார்க்காமல் அந்த மாதிரிக் கருவியைத் தொடாதீர்கள்.

3. காகிதங்கள்

ஸ்லீப் ஸ்டடி (தூக்கப் பரிசோதனை) அறிக்கை, டாக்டர் சீட்டு, சீரியல் எண் போட்ட ஜிஎஸ்டி பில், வாரண்டி அட்டை. நான்கையும் ஒரே கவரில் போட்டு, போனிலும் போட்டோ எடுத்து வையுங்கள். டாக்டரிடம் சீட்டு எழுதும்போதே "ஹீட்டட் ஹியுமிடிஃபையர் (சூடாகும் தண்ணீர்த் தொட்டி), ஹீட்டட் ட்யூப்" என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஊரைச் சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். சீட்டில் வெறும் "சிபேப்" என்று இருந்தால், பின்னால் ட்யூப் செலவைக் கேட்கும்போது அது தனிப் பொருளாகிவிடும்.

மத்திய அரசு ஊழியராக இருந்து, சிஜிஎச்எஸ் என்ற அவர்களுக்கான மருத்துவத் திட்டத்தில் பணம் கேட்பதாக இருந்தால் வாங்குவதற்கு முன்பே அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். வெலிங்டன் பக்கம் முன்னாள் ராணுவத்தினர் நிறைய இருக்கிறீர்கள், நீங்களும் முதலில் உங்களுக்கான மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ்ஸின் பாலிகிளினிக்கில் நடைமுறையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். முதலில் வாங்கிவிட்டு அப்புறம் பில்லை நீட்டினால் அலைச்சல்தான் மிச்சம். தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் வீட்டுக் கருவிக்குப் பணம் வருமா வராதா என்று மின்னஞ்சலில் கேட்டு பதில் வாங்குங்கள். ஏஜென்ட் வாயால் சொன்னதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

4. கருவியை எங்கே வைப்பது

தரையில் வேண்டாம். மலை வீட்டுச் சிமெண்ட் தரை ஐஸ் மாதிரி இருக்கும், கூடவே தூசியையும் இழுக்கும். ஜன்னல் ஓரமும் வேண்டாம், வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம். ஒரு சின்ன ஸ்டூல் போட்டு, தலையணையைவிடக் கொஞ்சம் தாழ்வாக வையுங்கள். தாழ்வாக இருந்தால் ட்யூபில் கோர்க்கும் தண்ணீர் தொட்டிப் பக்கம் வழியும், மேலே இருந்தால் மூக்குக்கு வரும்.

கருவிமேல் துணி, ஸ்வெட்டர், போர்வை எதையும் போர்த்தாதீர்கள். காற்று இழுக்கும் வாய் அடைபட்டால் கருவி சூடேறிக் கெட்டுப்போகும்.

5. செட்டிங்: ஒரு ராத்திரிக்கு ஒரு மாற்றம்

அழுத்தம் டாக்டர் வைத்தது, அதைத் தொடாதீர்கள். சூடும் ஈரமும் நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

ஏர்சென்ஸ் 10-ஐ வைத்துச் சொல்கிறேன், மற்ற கருவிகளிலும் ஏறத்தாழ இதே மாதிரிதான். ஹீட்டட் ட்யூப் மாட்டிய பிறகு 'கிளைமேட் கண்ட்ரோல்' ஆட்டோவில் இருந்தால், கருவி மாஸ்க் பக்கத்தில் 27 டிகிரியும் 85 சதவீத ஈரப்பதமும் இருக்கும்படி தானே பார்த்துக்கொள்ளும். முதலில் அப்படியே சில ராத்திரி விடுங்கள். பலருக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

காற்று இன்னும் குளிராகத் தெரிந்தால் ட்யூப் டெம்பை ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுங்கள். 16-லிருந்து 30 வரை போகும். எடுத்த எடுப்பில் 30-இல் வைத்தால் புழுக்கமாகி நடுராத்திரியில் மாஸ்க்கைக் கழற்றி எறியத் தோன்றும். ஒரு மாற்றம் செய்தால் அந்த ராத்திரி முழுக்கத் தூங்கிப் பார்த்துவிட்டு மறுநாள் முடிவு செய்யுங்கள். சூட்டையும் ஈரத்தையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது.

சூடு சரியாக இருந்தும் மூக்கு வறண்டால், அப்போதுதான் ஈரம். இதற்குக் கிளைமேட் கண்ட்ரோலை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்ற வேண்டும். அந்த வரி உங்கள் மெனுவில் தெரியவில்லை என்றால் கருவி கொடுத்தவரிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். மேனுவலில் ஈரம் 1 முதல் 8 வரை இருக்கும். நடுவில் 4-இல் ஆரம்பித்து ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ட்யூபில் தண்ணீர் தெரிந்தால் ஈரத்தை ஒன்று குறையுங்கள், அல்லது ட்யூப் சூட்டை ஒன்று ஏற்றுங்கள்.

படுக்கப் போகும் முன் 'ரன் வார்ம்அப்' அழுத்த மறக்காதீர்கள். அது தொட்டித் தண்ணீரைச் சூடாக்கி வைக்கும், அரை மணி நேரம் வரை ஓடும். இல்லாவிட்டால் மாஸ்க் மாட்டியதும் முதலில் வருவது பச்சைக் குளிர்காற்று, அதிலேயே தூக்கம் கலைந்துவிடும். பல் தேய்க்கப் போகும்போது அழுத்திவிட்டுப் போனால் திரும்பி வருவதற்குள் தயாராக இருக்கும்.

இத்தனையும் செய்த பிறகும் காலையில் வாய் காய்ந்து நாக்கு ஒட்டினால், கோளாறு சூட்டில் இல்லை. வாய் திறந்து காற்று வெளியே போகிறது. மூக்கு வழியாக உள்ளே போய் வாய் வழியாக வெளியே என்று ஒரே திசையில் காற்று ஓடிக்கொண்டே இருந்தால் எவ்வளவு ஈரம் கொடுத்தாலும் மூக்கு காய்ந்து அடைத்துக்கொள்ளும். மாஸ்க் வகையை மாற்றுவது பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

ஹீட்டட் ட்யூப் வாங்க இப்போதைக்குப் பணம் இல்லையா? சாதா ட்யூபுக்கு ஃபிளானல் துணியில் நீளமான உறை தைத்து மாட்டுங்கள், டெய்லர் ஒருவரே முடித்துக் கொடுத்துவிடுவார். ட்யூபைப் போர்வைக்கு அடியில் உடம்போடு சேர்த்துக் கொண்டுபோனாலும் கொஞ்சம் சூடு நிற்கும். இந்தப் போர்வை வித்தை சாதா ட்யூபுக்கு மட்டும். ஹீட்டட் ட்யூபைக் கனத்த ரஜாய்க்குள் புதைக்காதீர்கள், சூடு ஓரிடத்தில் தங்கிவிடும். எந்த ட்யூபாக இருந்தாலும் எலெக்ட்ரிக் போர்வைக்கு அடியிலோ ஹீட்டிங் பேடைச் சுற்றியோ வைக்கக் கூடாது.

6. அறையைச் சூடாக்குவது

இந்தப் பகுதியை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். மூடிய அறைக்குள் கரி அடுப்போ, கணப்புச் சட்டியோ, விறகுத் தணலோ வைத்துவிட்டுத் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறமும் கிடையாது. மலையில் இப்படித் தூங்கப் போனவர்கள் எழுந்திருக்காமலே போயிருக்கிறார்கள். சிபேப் போட்டிருந்தால் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அது அறையில் இருக்கும் காற்றைத்தான் இழுத்து உங்களுக்குத் தருகிறது. கருவியின் ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், அந்த வாயுவைப் பிடிக்காது.

மின்சார ஹீட்டர் என்றால் ஆயில் ஹீட்டர் நல்லது, காற்றை வீசியடிக்காது. 2,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் பிளக் உருகும். 16 ஆம்பியர் பிளக் பாயின்ட்டில் தனியாக மாட்டுங்கள். சிபேப்பையும் அதையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் போடாதீர்கள்.

செலவையும் பாருங்கள். 1,000 வாட்டில் எட்டு மணி நேரம் விடாமல் ஓடினால் ஒரு ராத்திரிக்கு 8 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 480 யூனிட். இலவச யூனிட்டுகளைத் தாண்டி இது பில்லில் நன்றாகவே ஏறும். சிபேப், தொட்டிச் சூடு, ட்யூப் சூடு மூன்றும் சேர்ந்தாலும் ராத்திரி ஒன்றுக்கு முக்கால் யூனிட்டுக்குள் முடிந்துவிடும். அதனால் நான் செய்வது இதுதான்: படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன் ஹீட்டர் போட்டு அறைக் குளிரை முறித்துவிட்டு, படுக்கும்போது அணைத்துவிடுவேன். மிச்சத்தை ட்யூப் பார்த்துக்கொள்ளும். ஹீட்டரைக் கருவிக்கு நேராகத் திருப்பி வைக்க வேண்டாம். பெரும்பாலான கருவிகள் 35 டிகிரி வரை இருக்கும் அறைக்காற்றுக்கு ஏற்ப வடிவமைத்தவை, ஹீட்டர் முகத்தில் அதைவிடச் சூடாக இருக்கும்.

7. குல்லா, மஃப்ளர்

மங்கி குல்லா போட்டுக்கொள்ளலாம், மாஸ்க் பட்டைக்கு அடியில் போட்டால் பட்டை தோலில் பதியாமலும் இருக்கும். குல்லா போட்ட பிறகு பட்டையைத் திரும்ப அளவு பாருங்கள், கனத்துக்கு ஏற்றபடி தளர்த்த வேண்டியிருக்கும்.

மாஸ்க்கின் முன்னால் இருக்கும் சின்ன ஓட்டைகளை மட்டும் எதனாலும் மூடாதீர்கள். நீங்கள் விடும் மூச்சு வெளியேறுவது அந்த வழியாகத்தான். அதிலிருந்து வரும் காற்று பக்கத்தில் படுத்திருப்பவர் மேல் சில்லென்று அடிக்கிறது என்று மஃப்ளரைச் சுற்றுபவர்கள் இருக்கிறார்கள். ரொம்ப ஆபத்து. காற்று அவர் பக்கம் போகாதபடி நீங்கள் திரும்பிப் படுங்கள், அல்லது நடுவில் ஒரு தலையணை வையுங்கள். போர்வையைத் தலைக்குமேல் இழுத்து மூடிக்கொள்ளும் பழக்கமும் இனி வேண்டாம்.

8. தண்ணீர், கழுவுதல்

டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஐந்து லிட்டர் கேனாக மெடிக்கல் கடையில் சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள். ஆர்ஓ தண்ணீரும், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரும் இதற்குச் சமம் கிடையாது, உப்பு தொட்டியில் வெள்ளையாகப் படியும். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் வேண்டவே வேண்டாம், சுவாசிக்கிற காற்றுக்காக அதை யாரும் தயாரிக்கவில்லை. கேனைப் படுக்கையறையிலேயே வையுங்கள், சமையலறை மூலையில் இருந்தால் ஊற்றும்போதே ஜில்லென்று இருக்கும், சூடேற நேரமாகும். சீக்கிரம் சூடாகட்டும் என்று சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், மூக்குக்கு வரும் காற்று அளவுக்குமேல் சூடாகிவிடும்.

காலையில் மிச்சத்தைக் கொட்டிவிட்டுத் தொட்டியைத் திறந்து வையுங்கள். நிறுத்தியதும் பிளக்கைப் பிடுங்க வேண்டாம். சூட்டுத் தகடு ஆறுவதற்காகக் கருவி மெதுவாக ஊதிக்கொண்டிருக்கும், அதை முடிக்க விடுங்கள். வாரம் ஒருமுறை ட்யூபையும் தொட்டியையும் மிதமான சோப்புத் தண்ணீரில் அலசுங்கள். இங்கே துணி காய்வதே பெரும்பாடு, ட்யூப் கேட்கவே வேண்டாம். காலையிலேயே கழுவி, இரண்டு முனையும் கீழே தொங்குகிற மாதிரி கம்பியில் போட்டு, வெயில் நேராகப் படாத இடத்தில் விடுங்கள். ஹீட்டட் ட்யூபின் உலோக முனைகள் முழுக்கக் காய்ந்த பிறகுதான் கருவியில் மாட்ட வேண்டும்.

9. கரன்ட் போனால்

காற்றும் மழையும் வந்தால் இங்கே கரன்ட் போவது சகஜம். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் ப்யூர் சைன் வேவ் வகையாக (வீட்டுக் கரன்ட் மாதிரியே சீரான மின்சாரம் தருவதாக) இருக்க வேண்டும். பேட்டரியைத் தின்பது தொட்டிச் சூடும் ட்யூப் சூடும்தான். கரன்ட் போனதும் இரண்டையும் அணைத்துவிட்டால் வெறும் காற்றோடு கருவி பல மணி நேரம் கூடுதலாக ஓடும். அந்த ஒரு ராத்திரி மூக்கு கொஞ்சம் காயும், பரவாயில்லை, மூச்சு நிற்காமல் இருப்பதுதான் முக்கியம். எந்த மெனுவில் எதை அணைப்பது என்று பகலிலேயே பழகி வையுங்கள், இருட்டில் டார்ச் பிடித்துக்கொண்டு தேட முடியாது.

10. கீழே இறங்கும்போது

கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ கிளம்பினால் முதல் வேலை தொட்டியைக் காலி செய்வது. தண்ணீரோடு பையில் வைத்து, கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பித் திரும்பி இறங்கினால், தண்ணீர் கருவிக்குள் போய் மோட்டார் போய்விடும். அது வாரண்டியிலும் வராது.

போய்ச் சேர்ந்ததும் ட்யூப் சூட்டைத் திரும்பக் குறைத்து வையுங்கள், மலையில் இதமாக இருந்த 29 டிகிரி அங்கே மூச்சு முட்டும். ஏசி அறையில் படுப்பதாக இருந்தால் ஏசிக் காற்று ட்யூப்மேல் நேராக அடிக்காதபடி கட்டிலின் எந்தப் பக்கம் கருவியை வைப்பது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.